பதினோரு நாள்

மதிப்பிற்குரிய ஓய்வூதிய அலுவலகத்தாருக்கு,
உங்கள் கடிதம் கிடைத்தது.
மூன்று நாள் தபால் பெட்டியிலேயே கிடந்ததாம்.
சாவி என் கோட்டின் கிழிந்த பைக்குள் புகுந்து
அடித்துணியில் உட்கார்ந்திருந்தது.
அதற்கும் அபராதம் உண்டா?

இதை எழுதித் தருபவர் 214ஆம் அறை சிசோக்கோ.
"இப்படியெல்லாம் கேட்காதே" என்கிறார்.
எழுது என்கிறேன்.

சென்ற ஆண்டு நான் பிரான்சுக்கு வெளியே இருந்தது
நூற்றுத் தொண்ணூற்றாறு நாள்.
நூற்றெண்பத்தைந்துதான் இருக்கலாம்.
கூடுதல் பதினொன்றுக்காகப்
பன்னிரண்டு மாதப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறீர்கள்.
கணக்கு சரி.
நானும் எண்ணினேன், பீன்ஸ் விதைகளை மேசையில் பரப்பி.
பதினொன்று மிஞ்சியது.
மற்றவற்றைப் பொட்டலத்தில் போட்டுவிட்டு
அதை மட்டும் வேகவைத்தேன்.
ஒரு கரண்டிகூட நிறையவில்லை.

ரக்கியாவுக்குக் கண் அறுவை, டிஸ்னிட் ஆஸ்பத்திரியில்.
தேதியை இரண்டு முறை தள்ளினார்கள்.
டாக்டர் விடுப்பில் போனார், பிறகு லென்ஸ் வரவில்லை.
கட்டைப் பிரித்த காலை
அவள் என்னைப் பார்த்தாள்,
நெடுநேரம் பார்த்தாள்,
"இவ்வளவு கிழவனா நீ" என்றாள்.
நாற்பத்தோரு வருடக் கல்யாணத்தில்
வருடத்துக்கு ஒரு மாதம் பார்த்த முகம்.
மறுநாளே கப்பல் ஏறியிருக்கலாம்.
ஏறவில்லை.
பதினோரு நாளும் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தேன்,
பழகட்டும் என்று.

உங்கள் கவுண்டரில் ஒரு பெண் கேட்டாள்,
"வேலைதான் முடிந்துவிட்டதே,
ஒரேயடியாகப் போய்விட்டால் என்ன?"
கெட்ட பெண் இல்லை, தண்ணீர் கொடுத்தாள்.
மகளே, போனால் இந்தப் பணம் நிற்கும்.
மூச்சுக்கு இங்கே தரும் மருந்துச் சீட்டு
அங்கே வெறும் காகிதம்.
நுரையீரலை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு
நான் மட்டும் போக வழியிருந்தால்
படிவம் கொடு, கைநாட்டு வைக்கிறேன்.

இனி என் கேள்வி.
சுரங்கத்தில் பதினான்கு வருடம்.
கூண்டு இறங்கும்போது காது அடைக்கும்,
எழுநூறு மீட்டர் ஆழம்.
அந்த நாட்களில் நான் எந்த நாட்டில் வசித்தேன்?
மேலே பிரான்ஸ், தெரியும்.
அவ்வளவு கீழேயும் பிரான்ஸ்தானா?
ஆம் என்றால்
மாலை ஷிப்டு முடிந்த பிறகும்
இடிந்த பாறைக்குப் பின்னால் மூவர் கிடந்தோமே,
இரண்டு இரவு, ஒரு பகல்,
அதை என் பெயரில் வரவு வையுங்கள்.
பதினொன்றில் மூன்று கழியட்டும்.
மீதி எட்டுக்கும் தேடுகிறேன்.

சிசோக்கோ பேனாவை மூடி வைத்துவிட்டார்.
தேநீர் போட்டுக் கொடுத்தேன். மறுபடி எடுத்தார்.

முதல் முத்திரையை என் மார்பில் குத்தினார்கள்.
பச்சை. பச்சை என்றால் ஏற்றுக்கொண்டார்கள்.
சிவப்பு விழுந்தவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு
சந்தைக்குப் போனார்கள்.
மூன்று நாள் குளிக்காமல் இருந்தேன்,
அழிந்தால் கப்பலில் ஏற்றமாட்டார்களோ என்று.
அதற்கு நகல் கேட்டால் என்னிடம் இல்லை.

பாஸ்போர்ட் நகலை இணைத்திருக்கிறேன்.
பதினெட்டாம் பக்கத்தைப் பாருங்கள்.
துறைமுகத்தில் மழை, மை கசிந்திருக்கிறது.
திரும்பி வந்த தேதி
ஒன்றாம் தேதி போலவும் தெரிகிறது,
பதினொன்று போலவும் தெரிகிறது.
சிசோக்கோ ஒன்று என்கிறார்,
அடித்துச் சொல்கிறார்,
ஒன்று என்றே எழுதிவிடுவோம் என்கிறார்.

பன்னிரண்டு.
பின்னால் ஒரு இரண்டு இருந்தது, அது கரைந்துவிட்டது.
நான் அங்கே நின்றேன், எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
லஹ்சன் உஹம்மு,
அறை 209,
ஏழரைச் சதுர மீட்டர்.

பி.கு. இனிக் கடிதத்தை வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள்.
சனி ஞாயிறு இங்கே கேட்க யாரும் இல்லை.